தோட்டத்துக் குரலுக்கு எந்தக் கருவி? – ஒலிப்பதிவு வரலாற்றில் ஒரு பார்வை



மாணவர்கள் தத்தம் தாத்தா பாட்டியின் தோட்ட வாழ்க்கையைப் பதிவு செய்துவரப் பள்ளிக்கு ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம் என்ற கருத்து, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. எழுந்த மறுகணமே, "அதுதான் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே" என்ற மறுமொழியும் வந்துவிடும். இரண்டும் நியாயமான பேச்சுகளே. எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், இதுவரை வந்த கருவிகள் நம் மக்களின் குரலை எந்த அளவுக்குக் காத்தன, எந்த இடத்தில் கைவிட்டன என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்காகவே இக்கட்டுரை.

கோல சிலாங்கூர் வட்டாரம் நம் நாட்டுத் தோட்ட வரலாற்றின் முதற்பக்கங்களில் இடம்பெறுவது. ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். 1911-இல் அங்கே செம்பனை விதைகளை ஊன்றிப் பார்த்தார். 1917-இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருப்பதைக் கவனியுங்கள். ஃபோக்கோனியே எழுதிய 'மலேசி' என்ற புதினம் 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் சொல் அச்சேறி உலகைச் சுற்றியது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் சொல்லோ லயத்து வாசலோடு நின்றுவிட்டது.

அக்காலத்தில் குரலைப் பிடிக்கும் கருவி இல்லாமலா போயிற்று? இருந்தது. எடிசன் 1877-இலேயே ஒலிவரைவியைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் வழிவந்த மெழுகு உருளைக் கருவியை மனிதவியலாளர்கள் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். ஓர் உருளையில் இரண்டு முதல் நான்கு நிமிடமே பதியும். இந்திய மொழியியல் ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை செய்யப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளிலும் தமிழ் உண்டு. ஆனால் அத்தட்டுகளுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்பட்ட விவிலியக் கதை ஒன்றையே வாசிக்கச் செய்தார்கள். மூன்று நிமிடத் தட்டில் ஒரு கதைத்துண்டு அடங்கும். விடிய விடிய நடக்கும் கூத்து அடங்குமா? இழவு வீட்டு ஒப்பாரி அடங்குமா? எதைப் பதிவு செய்யலாம் என்பதைப் பாதிக்குமேல் கருவியே தீர்மானித்துவிட்டது.

1938-ஆம் ஆண்டை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஆர்னல்ட் பாக்கே என்ற டச்சு இசை ஆய்வாளர் அவ்வாண்டு தென்னிந்தியாவில் பயணம் செய்து, டெஃபி என்னும் ஜெர்மானியக் கருவியில் நாட்டார் இசையைப் பதிவு செய்தார். 46 ஆண்டுகளுக்குப் பின், 1984-இல், நசீர் ஜைராஸ்போய், ஏமி காட்லின் ஆகிய இருவரும் அப்பதிவுகளுடன் அவர் சென்ற ஊர்களுக்கே மீண்டும் சென்று, எவை நிலைத்தன, எவை மாறின என்று ஆராய்ந்தார்கள். அதே 1938-இல்தான் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்கள் உதவியுடன் மலாயாவுக்கு அனுப்பப்படுவதைத் தடை செய்தது. கங்காணி வழியாக ஆள் வந்த காலம் அத்துடன் முடிந்தது. அங்கே பாடியவர்களுக்கு ஒரு பாக்கே வாய்த்தார். அதே பாட்டைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பெரட்டுக்களத்திலும் பால்மர நிரையிலும் பாடியவர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

காந்த நாடாக் கருவிகள் போருக்குப் பின் பரவின. 1958-இல் வந்த நாக்ரா 3 மின்கலத்தில் இயங்கியது. வானொலியாரும் திரைப்படத்தாரும் கொண்டாடினார்கள். எடையும் விலையும் நம்மைப் போன்றோர் எட்டிப் பிடிக்கக்கூடியவை அல்ல. உண்மையான மாற்றத்தை ஏற்படுத்தியது 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட். எழுபதுகளில் தோட்டத்து லயங்களிலும் கேசட் வானொலிப் பெட்டி நுழைந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சயாம் மரண இரயில் பாதை 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மீண்டுவந்த ஓர் இளைஞருக்கு 1943-இல் 20 வயது என்று கொள்வோம். 1979-இல் அவருக்கு 56 வயது. நன்றாகப் பேசுவார், அனைத்தும் நினைவில் இருக்கும். சிங்கப்பூர் அரசு வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கியது அந்த 1979-இல்தான். அங்கே எடுத்த நேர்காணல்களில் தமிழ் நேர்காணல்களும் உண்டு. பின்னாளில் அவை எண்ம வடிவம் பெற்று, இணையத்தில் கேட்கும் நிலைக்கு வந்தன. நம் தோட்டங்களில் அதே காலத்தில், அதே வகைக் கருவி, அடுத்த அறையில் எம்.ஜி.ஆர். பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். பாட்டு மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை! கருவி வந்தும் வேலை நடக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தனிப்பட்ட முயற்சியில் பதிவு செய்தவர்களும் இருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகளில் அத்தகைய நாடாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் ஒட்டிய இவ்வட்டாரத்தின் ஈரக்காற்றில் நாடாவின்மேல் வெண்ணிறப் பூஞ்சணம் படிந்திருக்கும். சிலவற்றில் தாலாட்டின் நடுவே திடீரென்று திரையிசை தொடங்கும். மேலெழுதிவிட்டார்கள்.

எண்மக் காலம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். சோனியின் மினிடிஸ்க் 1992-இல் வந்தது. சட்டைப்பையில் அடங்கும், ஒலியோ தெளிவு. வெளிக்களத்தில் பதிவு செய்வோர் பலர் அதை விரும்பி வாங்கினர். ஆயினும் ஒலிவாங்கி வழியே பதிந்ததைக் கணினிக்குக் கோப்பாக மாற்றப் பெரும்பாலான தொடக்கக்கால மாதிரிகள் வழிவிடவில்லை. ஒரு மணி நேரப் பேச்சை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, காதணிக்கான துளையில் கம்பி செருகி மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. 2004-இல் வந்த ஹை-எம்டிதான் இக்குறையைப் போக்கியது. 2013-இல் மினிடிஸ்க் கருவிகளின் விற்பனையையே சோனி நிறுத்திக்கொண்டது. டேட் எனப்பட்ட எண்ம நாடாவோ 1987-இல் பிறந்து, 2005-இல் சோனியின் தயாரிப்பிலிருந்து மறைந்தது. மெழுகு உருளை நூறாண்டைத் தாண்டியும் ஒலிக்கிறது. டேட் நாடாவை ஓட்டுவதற்கு இன்று பழைய கருவியைத் தேடி அலைய வேண்டியுள்ளது.

ஆகவே, "எந்தக் கருவி நன்றாகப் பதிவு செய்யும்?" என்பதைவிட, "பதிந்தது கருவியை விட்டு எப்படி வெளியே வரும்?" என்ற கேள்வியையே நான் முதலில் கேட்பேன். 2004-இல் எடிரோல் ஆர்-1, 2006-இல் எடிரோல் ஆர்-09, 2007-இல் ஸூம் எச்2 என வரிசையாக வந்த சிறு கருவிகள் இந்த வகையில் ஒரு திருப்புமுனை. சாதாரண நினைவட்டையில், எந்தக் கணினியும் திறக்கக்கூடிய 'வேவ்' கோப்பாகப் பதிந்தன. கோப்பை இழுத்து நகலெடுத்தால் வேலை முடிந்தது.

இன்று வாங்குவோருக்கு என் பரிந்துரை இதே வழியில்தான் செல்கிறது. நினைவட்டையைக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலத்தில் இயங்கட்டும். உள்ளேயே ஒட்டிய மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் 'வேவ்' கோப்பாகப் பதியட்டும். அனைத்துலக ஒலிக் காப்பகச் சங்கம் பழைய நாடாக்களை எண்மமாக்கக் கூறும் குறைந்த அளவும் அதுவே. இருதடப் பதிவில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1 கிகாபைட் ஆகும். 32 கிகாபைட் அட்டை ஒன்று முப்பது மணி நேரப் பேச்சைத் தாங்கும். டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் போன்ற எளிய கருவியே இதற்குப் போதும்.

அண்மைக் கருவிகளில் 32 பிட் மிதவைப் பதிவு என்றொரு வசதி வந்துள்ளது. 2024-இல் வெளிவந்த ஸூம் எச்1 எசென்ஷியல் அத்தகையது. மாணவர்கள் கையாளுவதற்கு இதைவிட உதவியான மாற்றம் இல்லை என்பேன். முதியவர்கள் மெல்லப் பேசிக்கொண்டே வந்து, ஒப்பாரி என்று தொடங்கியதும் குரல் எங்கோ ஏறிவிடும். பழைய கருவியில் ஒலியளவை முன்கூட்டியே கணித்து வைக்காவிட்டால் உச்சக் குரல் சிதைந்துவிடும். இதில் பதிவுக்குப் பின்னரும் அளவைச் சீர்செய்யலாம்.

கைப்பேசியை நான் ஒதுக்கவில்லை. கருவி வாங்க இயலாவிட்டால் 'வேவ்' கோப்பாகப் பதியும் செயலியை இறக்கி, அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இடர் வருவது அதற்குப் பின்னர். புலனத்தில் குரல்செய்தியாகப் பதிந்து குழுவில் அனுப்பினால் அது மிகவும் சுருக்கப்பட்ட ஒலி. கைப்பேசி மாறும்போது அதுவும் காணாமற்போகும். அனுப்பித்தான் ஆக வேண்டுமெனில் கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மாறாமல் சென்று சேரும்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரைமேல் மழை பெய்தால் காத்திருங்கள். கருவியை மேசைமேல் நேரே வைக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்து, பேசுபவரின் வாய்க்கு ஒரு முழத்துக்குள் இருக்கச் செய்யுங்கள். சும்மா உட்கார்ந்து பாடச் சொன்னால் பலருக்குப் பாட்டு வராது. தாலாட்டுக்கு மடியில் பிள்ளை வேண்டும். மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் பேச்சில் வரும்போது குறுக்கிட்டுப் பொருள் கேட்காமல், குறித்து வைத்துக்கொண்டு முடிவில் கேட்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இவை புதுச்சொற்கள்.

பதிவைத் தொடங்குமுன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அனுமதி கேட்டு, அந்த அனுமதியையும் சேர்த்தே பதியுங்கள். பிறகு பதிவு செய்யும் மாணவரே நாள், இடம், பேசுபவர் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊரின் பழைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பாட்டி பழைய பெயரைத்தான் சொல்வார். பேரப்பிள்ளை வரைபடத்தில் தேடினால் புதிய பெயர்தான் கிடைக்கும்.