பாவித்த கேம் வாங்கப் போகிறீர்களா? கையில் காசைக் கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் இப்போது மூன்று கொன்சோல்கள், 43 டிஸ்க்குகள், வேலை செய்யும் கொன்ட்ரோலர்கள் ஐந்து, வேலை செய்யாதவை இரண்டு இருக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட நான் புதிதாக வாங்கவில்லை. கட்டுரைக்குக் கட்டுரை காசு வரும் தொழிலில் இருந்துகொண்டு இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சில தடவைகள் ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் அப்படி ஏமாறத் தேவையில்லை.

முதலில் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. 60 டொலர் விலையுள்ள ஒரு புதிய கேம், வரியும் அனுப்புகூலியும் சேராமலே 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாகியது. அந்த வருடம்தான் நான் புதிய கேம்களின் விலையைப் பார்ப்பதையே விட்டேன்.

பாவித்த டிஸ்க்கின் கணக்கு வேறு. 6,000 ரூபாவுக்கு வாங்கிய ஒன்றை மூன்று மாதம் விளையாடிவிட்டு 5,000 ரூபாவுக்கு விற்றேன். எனக்குச் செலவு 1,000 ரூபா. ஒன்லைனில் தரவிறக்கும் கேமில் இந்த வழி கிடையாது. அதைவிட, பிளேஸ்டேஷனின் ஒன்லைன் கடை இலங்கையில் உத்தியோகபூர்வமாக இல்லை. வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுப் பணத்தில் கிஃப்ட் கார்ட் வாங்கித்தான் இங்குள்ளவர்கள் சமாளிக்கிறார்கள். கடைகள் மூடப்படுவதும் உண்டு. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான ஒன்லைன் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. இதனால்தான் டிஸ்க் போடும் வாய் இல்லாத பிளேஸ்டேஷன் 5 மலிவாக வந்தாலும் நான் பக்கத்தில் போவதில்லை. காசு குறைந்தவருக்கு அதுதான் கடைசியில் விலை கூடிய பெட்டி.

எங்கே வாங்குவது? கொழும்பில் என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இக்மன் விளம்பரங்களும் பேஸ்புக்கும்தான். என் அனுபவத்தில் நல்ல பொருள் கிடைப்பது “வெளிநாடு போகிறோம், அவசர விற்பனை” என்று போட்டிருக்கும் வீடுகளில். அங்கே பொருளை விற்பவர் அதைப் பாவித்தவராகவே இருப்பார், பெட்டியும் வயர்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முற்பணம் மட்டும் அனுப்பாதீர்கள். நேரில் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

நேரில் போனால் குறைந்தது அரை மணிநேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் பல பழுதுகள் வெளியே தெரியும். உங்களுடைய டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிளேஸ்டேஷன் 2 என்றால் இரண்டு வேண்டும்: அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சீடி ஒன்று, வெள்ளியாக இருக்கும் டிவிடி ஒன்று. லேசர் களைத்துப்போன பெட்டி ஒன்றை வாசித்து மற்றதை வாசிக்காமல் விடும். பிளேஸ்டேஷன் 4 என்றால் உங்கள் கணக்கில் உள்நுழைந்து இணையத்தில் இணைகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள், படம் விட்டு விட்டு வந்தால் அந்தத் துளை ஆட்டம் கண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்க்கில் கீறல் இருந்தாலே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வகை டிஸ்க், எந்தப் பக்கம் கீறல் என்பதுதான் முக்கியம். சீடியில் தரவுப் படலம் மேலே, படம் அச்சிட்ட பக்கத்துக்குக் கீழே ஒட்டியபடி இருக்கிறது. அதனால் அடியில் உள்ள மெல்லிய கீறலைவிட மேற்பக்கத்தில் உள்ள ஆழமான கீறல்தான் ஆபத்து. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைபோல் ஒளி தெரியும். அப்படித் தெரிந்தால் அது போய்விட்டது. டிவிடியில் படலம் நடுவில் இருக்கிறது. இவை இரண்டின் அடிப்பக்கத்தையும் மெருகேற்றிக் காப்பாற்றலாம். பிளேஸ்டேஷன் 3 முதல் வந்த புளூ-ரே டிஸ்க்குகளில் படலம் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினமான பூச்சு இருப்பதால் இலகுவில் கீறாது. கீறிவிட்டால் மெருகேற்ற இடமில்லை. “பொலிஷ் பண்ணினால் சரிவரும்” என்று யாராவது புளூ-ரேயைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அட்டையையும் பாருங்கள். முன்பக்க மூலையில் 3, 7, 12, 16, 18 என்று வயது எண் இருந்தால் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பு, ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. பிளேஸ்டேஷன் 2 இல் பிராந்தியம் பொருந்தாவிட்டால் ஒரிஜினல் டிஸ்க் ஓடாது, பெட்டியில் சிப் போட்டிருந்தால் தவிர. பிளேஸ்டேஷன் 4 இல் எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் பின்னர் வாங்கும் மேலதிகப் பகுதிகள் டிஸ்க்கின் பிராந்தியத்தைச் சேர்ந்த கணக்கில் வாங்கியவையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கு வைத்துக்கொண்டு ஐரோப்பிய டிஸ்க் வாங்கினால் இதில்தான் மாட்டுப்படுவீர்கள்.

அடுத்தது மின்சாரம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு நினைவுச்சின்னமே இருந்தது. கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 ஐ, முள் மாற்றும் பிளக் ஒன்றைப் போட்டு நேரே சுவரில் செருகினோம். ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, நாங்கள் கொடுத்தது 230. முள் மாற்றும் பிளக் வோல்ட்டை மாற்றாது என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றும் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த பழைய பெட்டிகள் யாழ்ப்பாணத்தில் விலைக்கு வருகின்றன. பெட்டியின் பின்புறமோ அடாப்டரிலோ உள்ள “இன்புட்” வரியைப் படியுங்கள். 100-240 என்றிருந்தால் பயமில்லை. 120 மட்டும், அல்லது யப்பானியப் பெட்டியில் 100 மட்டும் இருந்தால், வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

உண்மையில் காசு கரைவது துணைப் பொருட்களில்தான். பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரில் குச்சியைத் தொடாமலே ஆள் தானாக நடந்தால், உள்ளே இருக்கும் தடைமானி தேய்ந்திருக்கிறது. ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் மாற்றித் தருவார். பற்றரி வாங்கும்போது வடிவத்தைக் கவனியுங்கள்: தொடுபலகையின் மேல் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால் அது 2016 இல் வந்த இரண்டாம் வடிவம். அதன் பற்றரி முள் முதல் வடிவத்துக்குப் பொருந்தாது. நான் இரண்டையும் மாறி வாங்கி வைத்திருக்கிறேன். கேம்போய் கார்ட்ரிட்ஜ்களில் சேமிப்பைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் நாணய வடிவப் பற்றரி ஒன்று. அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், சேமிப்பு நிற்காது. பற்றரியைக் கழற்றும்போது பழைய சேமிப்பும் அழிந்துவிடும்.

விளையாட்டுத்துறை கேம்கள்தான் ஆக மலிவு. அடுத்த வருடப் பதிப்பு வந்தவுடன் பழைய உதைபந்தாட்ட டிஸ்க் விழுந்துவிடும், எனக்கு அணி வீரர்களின் பட்டியல் பழையதாக இருப்பதில் கவலையில்லை. விதிவிலக்கு கிரிக்கெட் 07. ஈஏ நிறுவனம் 2006 இல் வெளியிட்ட அதுதான் அவர்களின் கடைசிக் கிரிக்கெட் கேம். பலரின் கையில் இருந்தது பிரதிதான். ஒரிஜினல் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன்.

அது கொக்குவிலில் ஒரு வீடு. பிள்ளைகள் பிரான்ஸில். அம்மா தனியே இருந்து சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி, இரண்டு கொன்ட்ரோலர், ஒன்பது டிஸ்க், ஒரு மெமரி கார்ட், எல்லாம் சேர்த்து 8,000 ரூபா. பேரம் பேச மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கார்ட்டைத் திறந்தால் பாதியில் நின்ற ஒரு டெஸ்ட் தொடர் இருந்தது. கடைசியாகச் சேமித்த திகதி 2008. அந்தக் கார்ட்டில் மொத்தமே 8 எம்பி இடம்தான், எனக்கு இடம் தேவைப்பட்டது. அழிக்க முன் திரையைப் படமெடுத்து அம்மாவின் இலக்கத்துக்கு அனுப்பினேன். அன்றிரவே மகன் வாட்ஸ்அப்பில் எடுத்தார்.

“தம்பியும் நானும் விளையாடினது. அவன் இப்ப இல்லை. அழிச்சுப் போடாதேங்கோ.”

கார்ட்டைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அங்கே போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை, உங்களிடமே இருக்கட்டும், ஊருக்கு வரும்போது பார்க்கிறேன் என்றார். 1,200 ரூபாவுக்கு வேறொரு கார்ட் வாங்கினேன். பெட்டியில் இரண்டு துளைகள் உண்டு. இரண்டாவதில் அவர்களுடையது இருக்கிறது.