பென்ஹர் நூலின் சமர்ப்பணப் பக்கம்

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் தம்பி கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போல சமணக் குகை, கல்வெட்டு என்று ஏதாவது கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். "இந்தத் தடவை பென்ஹர்" என்றேன். "ஐயா, அது கிறிஸ்தவங்க படமாச்சே! ரதப் போட்டி வருமே, அதுவா?" என்று சிரித்தார். அதேதான். ஆனால் 1959இல் படமாக வருவதற்கு ஏறக்குறைய எண்பது வருஷத்துக்கு முன்பே அது ஒரு நாவல். அதை எழுதியவரையும் அவர் மனைவியையும் பற்றிச் சில சங்கதிகள் வெகு நாளாக என் மனசில் கிடக்கின்றன. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

அடியேன் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தவன். நாக்பூருக்கு வந்து நாற்பது வருஷமாகக் காகிதம், நோட்டுப் புத்தகம், மை விற்றுப் பிழைக்கிறேன். காலேஜ் வாசல் மிதித்ததில்லை. பென்ஹர் நாவலை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் படித்தேன். ஆகவே பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நூலாசிரியர் பெயர் லூ வாலஸ். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் 1827இல் பிறந்தவர். தகப்பனார் அந்த மாநிலத்துக்கே கவர்னராக இருந்தவர். மகன் வக்கீல் தொழிலுக்குப் போனார், ஆனால் அது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் வந்தபோது வட மாநிலங்களின் படையில் தளபதி ஆனார். 1862இல் ஷைலோ என்ற இடத்தில் நடந்த பெரும்போரில் படையை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று ஒரு பழி விழுந்தது. அந்தப் பழி சாகிற வரைக்கும் அவரை விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து மொனாகசி ஆற்றங்கரையில் தன்னைவிடப் பெரிய படையை ஒரு பகல் முழுக்கத் தடுத்து நிறுத்தி, தலைநகர் வாஷிங்டன் விழாமல் காத்தார். ஆனாலும் ஷைலோதான் ஊர் வாயில் நின்றது. உலகம் அப்படித்தான்.

இவர் பக்தர் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் விசேஷம். சர்ச்சில் அங்கத்தினராகக்கூட இருந்ததில்லை, கடைசி வரைக்கும் எந்தச் சபையிலும் சேரவுமில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றிக் கவலையே படாதவனாக இருந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். கிறிஸ்து பிறந்தபோது நட்சத்திரத்தைப் பார்த்து வந்த மூன்று ஞானிகளைப் பற்றி ஒரு சின்னக் கதை மட்டும் எழுதி வைத்திருந்தார். பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்பதற்கு மேல் அதில் வேறு எண்ணம் இல்லை.

1876 செப்டம்பரில் பழைய சிப்பாய்கள் கூடும் விழாவுக்காக இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு ரயிலில் போகிறார். அதே ரயிலில் ராபர்ட் இங்கர்சால். நம் பகுத்தறிவு மேடைகளில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். நாத்திகப் பிரசங்கத்தில் அமெரிக்காவிலேயே அவருக்கு நிகரில்லை. தன் அறைக்கு வாலஸைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கடவுள், மோட்சம், கிறிஸ்து என்று ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். வாலஸுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இறங்கிய பிறகு டிராமில் ஏறாமல் இருட்டில் தனியாக நடந்து போனார். இத்தனை வயசுக்கு இந்த விஷயத்தில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம் அவருக்கு. மத நூல்களையும் தர்க்க நூல்களையும் படிப்பதைவிட, கிறிஸ்து வாழ்ந்த காலத்தைக் கதையாக எழுதிப் பார்ப்போம், எழுதும்போதே தெரிந்துவிடும் என்று முடிவு செய்தார். மேசையில் கிடந்த மூன்று ஞானிகள் கதை இந்தப் பெரிய கதையின் முதல் பாகம் ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு நம் திருத்தக்கதேவர் நினைவு வந்தது. சமணத் துறவிகளுக்குத் துறவைப் பாடத்தான் வரும், சிற்றின்பத்தைப் பாட வராது என்று மதுரைப் புலவர்கள் கேலி பேசினார்களாம். தேவர் தம் குருவிடம் அனுமதி கேட்க, குரு சோதனையாக ஒரு நரியைக் காட்டிப் பாடச் சொல்ல, நரிவிருத்தம் பிறந்தது. அதில் குருவுக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகுதான் சீவக சிந்தாமணி வந்தது என்பது வழிவழியாக வரும் கதை. அங்கேயும் இங்கேயும் ஒரு சீண்டலில்தான் காவியம் முளைத்திருக்கிறது. தேவர் துறவி. அவர் எழுதியதை முதலில் பார்த்தவர் குரு. வாலஸ் குடும்பஸ்தர். அவருக்கு வீட்டில் சூசன் இருந்தார்.

சூசன் எல்ஸ்டன் 1830ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் பிறந்தவர். கிராஃபோர்ட்ஸ்வில் என்ற ஊரில் வியாபாரத்தில் வசதியான குடும்பம். 1852 மே மாதம் கல்யாணம், ஒரே மகன். இந்த அம்மாள் தாமே எழுத்தாளர் என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைகளின் காலடிச் சத்தத்தைப் பற்றி அவர் எழுதிய பாட்டு 1858இல் அச்சாகி நாடு முழுக்கப் பரவியது. கணவரின் முதல் நாவல் வந்தது 1873இல். அதாவது, வீட்டில் பெயர் முதலில் அச்சேறியது மனைவிக்கு! பின்னால் பயண நூல்கள் எழுதினார். 1887இல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் வீட்டுக்காரர்தான். வாலஸுக்கு ஓவியமும் வரும்.

கிராஃபோர்ட்ஸ்வில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய பீச் மரம். அதன் நிழலில் நாற்காலி போட்டு எழுதுவார். அப்போது அவர் ஜெருசலேமைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஜெர்மன் நாட்டுப் படம் ஒன்றை எந்நேரமும் கண்முன் வைத்துக்கொண்டு, வாஷிங்டன் நூலகத்தில் குறிப்பெடுத்து, கப்பலில் துடுப்பு எத்தனை வரிசை, ரதத்துக்குச் சக்கரம் எப்படி என்று ஒவ்வொன்றாகத் தேடினார். பின்னாளில் நேரில் போய்ப் பார்த்தபோது ஒன்றையும் மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார். கிறிஸ்துவைக் கதாபாத்திரம்போல மேடையில் நடமாட விடக்கூடாது. அவர் பேசினால் சுவிசேஷத்தில் உள்ள வார்த்தைதான் வரவேண்டும், தன் கற்பனை ஒரு சொல்லும் அவர் வாயில் ஏறக்கூடாது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம். தீர்த்தங்கரரின் வாக்கைத் திவ்யத்வனி என்கிறோம். அதைக் கணதரர்தான் உணர்ந்து எடுத்துச் சொல்லமுடியும். நினைத்தவர்கள் நினைத்ததை அருகன் வாயில் வைத்துப் பேசவிடுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. பக்தி இல்லாத ஒரு பட்டாளத்துக்காரருக்கு இந்தக் கூச்சம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம்மவர்கள் கவனிக்க ஒரு சங்கதி: அந்த மூன்று ஞானிகளில் ஒருவரை, மெல்கியோரை, அவர் இந்தியர் ஆக்கிவிட்டார். பிராமண குலத்தில் பிறந்து, சாதிக் கட்டுகளில் மனம் கசந்து, கங்கை கடலில் கலக்கும் இடத்துக்குப் போனவராக வருகிறார். கேள்வி ஞானத்தில் எழுதியதுதான், அங்கங்கே தட்டுகிறது. அதே ஆசிரியர் 1893இல் எழுதிய 'இந்திய இளவரசன்' என்ற நாவலை ஆசையாகத் தேடிப் போய் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். அது கான்ஸ்டான்டிநோபிள் நகரம் விழுந்த கதை. அதில் இந்திய இளவரசன் வேஷம் போட்டு வருபவர் ஒரு யூதர்!

1878இல் வாலஸ் நியூ மெக்சிகோ பிரதேசத்துக்குக் கவர்னராகப் போனார். தலைநகர் சாண்டா ஃபே. அடிதடியும் துப்பாக்கியுமாக இருந்த நாடு. பில்லி த கிட் என்ற பேர்போன கொள்ளைக்காரனை அவர் நேரில் சந்தித்துப் பேசியிருக்கிறார். பிறகு அவனாலேயே உயிருக்கு ஆபத்து என்ற பேச்சு வந்தது. ராத்திரியில் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, வெளியே வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்து பென்ஹரின் கடைசி பாகத்தை எழுதினார். அங்கே சில காலம் சூசனும் கூட இருந்தார். அந்த ஊர் வாசத்தைப் பற்றி அவர் எழுதியவை 1888இல் தனிப் புத்தகமாக வந்தன.

1880 மார்ச்சில் கதை முடிந்தது. கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம். அக்காலத்துக்குரிய நிறம் ஊதா. அதை அனுசரித்து அச்சுக்குப் போகும் நல்ல பிரதி முழுவதையும் ஊதா மையில் எழுதினார். மை விற்கிறவன் என்ற முறையில் இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் கடையில் முன்பெல்லாம் வயலட் மை புட்டி தூசி படிந்து கிடக்கும். எழுதுவதற்கு யாரும் கேட்டதில்லை.

1880 நவம்பர் 12ஆம் தேதி ஹார்ப்பர் கம்பெனி நூலை வெளியிட்டது. விலை ஒன்றரை டாலர். முதல் ஏழு மாதத்தில் விற்றது 2,800 பிரதிதான். வியாபாரக் கண்ணுக்கு அது பெரிய விற்பனை இல்லை. ஜனாதிபதி கார்ஃபீல்டு படித்துவிட்டு 1881 ஏப்ரலில் பாராட்டிக் கடிதம் எழுதினார், வாலஸைத் துருக்கிக்குத் தூதராகவும் அனுப்பினார். அப்புறம் வாய்ச்சொல்லாகவே பரவிற்று. நாவல் படிப்பது பாவம் என்றிருந்த வீடுகளில்கூட இந்த நாவல் நுழைந்தது. 1913இல் ஸீயர்ஸ் ரோபக் என்ற தபால் வியாபாரக் கம்பெனி ஒரே தடவையில் பத்து லட்சம் பிரதி போட்டு, ஒன்று 39 செண்டுக்கு விற்றது. அந்தக் காகிதத்தின் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி, என்ன செய்ய?

இனி சமர்ப்பணப் பக்கம். இளமையில் கைப்பிடித்த மனைவிக்கு என்று பொருள்படும்படி சில வார்த்தை மட்டும் போட்டிருந்தார். பெயர்கூட இல்லை. அந்தச் சொற்றொடர் அவர்கள் வேதத்தில் உள்ளது. படித்த ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? பாவம், சின்ன வயசிலேயே மனைவி இறந்துபோயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். துக்கம் விசாரித்துக் கடிதங்கள் வந்தன. அவரை மணந்துகொள்ளத் தயார் என்று சில பெண்மணிகளும் எழுதினார்களாம்! சூசன் அம்மாளோ வீட்டில் கல்லுப்போல இருக்கிறார். கடைசியில், அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று பொருள்படப் பின்வந்த பதிப்புகளில் ஒரு வாக்கியத் துண்டைச் சேர்த்தார் வாலஸ்.

இதைப் படித்துச் சிரித்தேன். சிரித்த கையோடு என் வீட்டு நினைப்பு வந்தது.

செஞ்சி வேங்கடபதி நாயக்கன் காலத்தில் எங்கள் மக்கள் பட்ட பாட்டைப் பற்றிக் கர்ணபரம்பரையாக ஒரு கதை உண்டு. பூணூலை மறைத்து, நீறு பூசி உயிர் பிழைத்தவர்கள் கதை. என் பாட்டி சொல்லிக் கேட்டது. இந்த ஊரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போய்விடுமே என்று, கடை மூடிய பிறகு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பதினோரு வருஷம் ஆயிற்று. எழுதியதை அன்றன்றைக்கு என் சம்சாரத்துக்கு வாசித்துக் காட்டுவேன். பர்வ நாட்களில் என் தகப்பனார் ஸ்ரீபுராணம் வாசிக்க அம்மா கேட்டது போலத்தான். இவள் பயறு பொறுக்கிக்கொண்டே கேட்பாள். கேட்கிறாளா என்றே சந்தேகமாக இருக்கும்.

ஒரு நாள் ஒரு கட்டம் வாசித்தேன். நாயக்கனுடைய ஆட்கள் ஊரை வளைக்கும் நடு இரவில், ஒரு தாய் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம். இவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, நம்ம வீட்ல பொழுது போனப்புறம் அடுப்பு மூட்டுவாங்களா? அந்தப் பொம்பள நயினார் வீட்டுப் பொம்பளதானே?" என்றாள்.

ஆடிப்போய்விட்டேன். சமணத்துக்காக உயிரைக் கொடுக்கும் குடும்பத்தை எழுதுகிறவன், இருட்டிய பின் உண்ணாத விரதத்தை மறந்துவிட்டேன். எத்தனை கல்வெட்டு பார்த்து என்ன? அந்தக் கட்டத்தை மாற்றினேன். பிள்ளைகள் பசியோடு விடியலுக்குக் காத்திருக்கிறார்கள், தாய் அரிசியை ஊறவைத்துக்கொண்டு கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்தேன். புத்தகத்தில் எல்லோரும் பாராட்டிய இடம் அதுதான். சொந்தச் செலவில் 300 பிரதி அச்சிட்டு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தேன். சமர்ப்பணம் என் தகப்பனாருக்கு. நன்றியுரையில் அச்சகத்தார், மெய்ப்பு பார்த்த நண்பர், காகிதம் கடனுக்குக் கொடுத்த மொத்த வியாபாரி எல்லோரும் உண்டு. கஞ்சி காய்ச்சாமல் தடுத்தவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாலஸின் சமர்ப்பணப் பக்கத்தைப் பார்க்கும் வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை.

வாலஸ் கடைசிக் காலத்தில் தன் சுயசரிதையை எழுதிக்கொண்டிருந்தார். ஷைலோ பழிக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் அதில் இருந்தது. 1864இல் நடந்த மொனாகசிப் போர் வரைக்கும் வந்தார். 1905 பிப்ரவரி 15ஆம் தேதி காலமானார். பென்ஹர் எழுதிய காலம், சாண்டா ஃபே, துருக்கி எல்லாம் எழுதாமல் நின்றுபோயின. சூசனுக்கு அப்போது எழுபத்து நான்கு வயசு. மேரி ஹன்னா கிரௌட் என்ற ஊர்க்காரப் பத்திரிகையாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கணவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து எழுதி முடித்தார். 1906இல் இரண்டு பாகமாக ஹார்ப்பர் கம்பெனியே வெளியிட்டது. அட்டையில் லூ வாலஸ் சுயசரிதை என்றுதான் இருக்கிறது. மறுவருஷம் அக்டோபரில் சூசனும் போய்ச் சேர்ந்தார். கிராஃபோர்ட்ஸ்வில் கல்லறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையையும் நேற்று ராத்திரி இவளுக்கு வாசித்துக் காட்டினேன். போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பயறு பொறுக்குவதில்லை, சும்மா உட்கார்ந்து கேட்கிறாள். தன்னைப் பற்றி வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும், "அந்த அம்மா போட்டோ ஏதாச்சும் இருக்குதா? இருந்தா பக்கத்துல போடச் சொல்லுங்க" என்றாள். செயலாளர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.