தீ தெரியாத அடுப்பு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூட படுக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கப் புடுங்க மொளைச்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன், அதைச் சொல்லலாம்னு வந்தேன்.

நடந்தது இதுதான். நான் ஆன்சைட்டுக்கு வந்து தங்கியிருக்கிறது அமெரிக்காவுல ஒரு பழைய அபார்ட்மெண்ட். சாம்பார் ரெடி, அப்பளம் மட்டும் பொரிக்கணும். காயில் அடுப்புல வாணலியை வச்சு, எண்ணெய் ஊத்தி, குமிழை 'ஹை'ல திருப்பினேன். அந்த நேரம் பார்த்து சென்னையில இருந்து போன் (இங்க ஞாயிறு ராத்திரின்னா அங்க திங்கக்கிழமை காலை, நம்ம தலையெழுத்து). ஏதோ ஒரு சர்வர் படுத்துடுச்சாம். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவன் எண்ணெயைச் சுத்தமா மறந்துட்டேன். புகை அலாரம் கத்தினப்போ ஓடிப்போய்ப் பார்த்தா, வாணலி மேல ஒரு முழ உயரத்துக்குத் தீ. என் கை தானா குழாய்க்குக் கீழ இருந்த சொம்பை எடுத்துடுச்சு. என் ரூம்மேட், திருநெல்வேலிக்காரன், பின்னாடி இருந்து ஒரே கத்து: "ஏல, தண்ணி ஊத்தாதல!" இட்லி குண்டான் மூடியை எடுத்து வாணலி மேல பக்கவாட்டுல தள்ளி மூடினான், குமிழைத் திருப்பி ஆஃப் பண்ணினான், வாணலியைத் தொடாம அப்படியே விட்டான். தீ அடங்கிடுச்சு. மூடிக்குக் கீழ மட்டும் காயில் ரொம்ப நேரம் செவசெவன்னு இருந்தது.

தண்ணி ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்புறம் யோசிச்சுப் பார்த்து ரெண்டு நாள் தூக்கம் வரல. தண்ணி எண்ணெயை விட கனம், அடியில இறங்கும். அங்க இருக்குற சூட்டுல சட்டுன்னு நீராவி ஆகும். நீராவின்னா தண்ணியை விட சுமார் 1,700 மடங்கு இடம் வேணும். மேல இருக்குற எரியுற எண்ணெயை மொத்தமா தூக்கி என் மூஞ்சியிலயும் கூரையிலயும் அடிச்சிருக்கும்.

அந்த ராத்திரியில இருந்து ஒரு கேள்வி குடைஞ்சுக்கிட்டே இருந்தது. ஊர்ல பதினஞ்சு வருஷம் கேஸ் அடுப்பு பக்கத்துல நின்னவன் நான். ஒரு தடவை கூட இப்படி மறந்ததில்ல. இங்க மட்டும் ஏன்? வழக்கம் போல இந்த அடுப்போட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

எலக்ட்ரிக் அடுப்போட எனக்கு முதல் பழக்கம் அமெரிக்காவுல இல்ல, காலேஜ் ஹாஸ்டல்ல. எஞ்சினியரிங் ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கெல்லாம் இப்போ கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டு, அதுல சுருளா ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள ஸ்பிரிங் மாதிரி கம்பி. வார்டன் ரவுண்ட்ஸ் வந்தா கட்டிலுக்கு அடியில போயிடும். அலுமினியக் கிண்ணம் கம்பியில பட்டா 'சுரீர்'னு ஷாக். கம்பி அறுந்தா ரெண்டு முனையையும் இழுத்து முறுக்கி விடுவோம். மறுபடி அதே இடத்துலதான் அறுக்கும். இத்தனைக்கும் நாங்க படிச்சது எஞ்சினியரிங்! முறுக்கின இடத்துல தொடர்பு சரியா இருக்காது, அங்க சூடு அதிகம். கம்பி குட்டையானதால கரண்டும் கூடும். இது எதுவும் அப்போ எங்க மண்டையில ஏறல, நூடுல்ஸ் வெந்தா போதும்.

அந்த ஹாஸ்டல் அடுப்பு நூறு வருஷப் பழசான டிசைன்னு இப்பத்தான் தெரியுது.

கதை அதுக்கும் முன்னாடி, கனடாவுல ஆரம்பிக்குது. ஒட்டாவா நகரத்துல தாமஸ் அஹெர்ன்னு ஒருத்தர். ஊருக்கு எலக்ட்ரிக் டிராம் விட்ட ஆள். 1892 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அங்க இருந்த வின்ட்சர் ஹோட்டல்ல ஒரு விருந்து கொடுத்தார். சூப்புல இருந்து இறைச்சி வரைக்கும் எல்லாமே கரண்டுல சமைச்சது. அடுத்த வருஷமே சிகாகோ உலகக் கண்காட்சியில ஒரு முழு எலக்ட்ரிக் சமையல்கட்டைக் காட்சிக்கு வச்சாங்க. இங்கிலாந்துலயும் 1890-கள்ல சில கம்பெனிங்க எலக்ட்ரிக் சமையல் சாமான் வித்தாங்க. அதுல ஒருத்தர் கர்னல் கிராம்ப்டன். ஆமாங்க, நம்ம வீட்டு சீலிங் ஃபேன்ல இருக்குற பேருக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சும் வீட்டுக்கு வரல. ஏன்னா கம்பி. இரும்புக் கம்பியைச் செவக்கக் காய்ச்சினா காத்துல இருக்குற ஆக்ஸிஜன் அதைத் தின்னுடும், செதில் செதிலா உதிர்ந்து அறுந்துடும். பிளாட்டினம் தாங்கும், ஆனா பிளாட்டினத்துல அடுப்பு செஞ்சா அதை லாக்கர்லதான் வைக்கணும். 1906 பிப்ரவரியில ஆல்பர்ட் மார்ஷ்னு ஒரு அமெரிக்கர் ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். சுமார் 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். நிக்ரோம். இதுவும் சூட்டுல ஆக்ஸிஜனோட சேரத்தான் செய்யும். ஆனா மேல உண்டாகுற குரோமியம் ஆக்ஸைடு உதிராது, தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ள இருக்குற உலோகத்தைக் காப்பாத்தும். டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், எங்க ஹாஸ்டல் அடுப்பு எல்லாம் இந்தக் கம்பியோட வாரிசுங்கதான்.

ஏறத்தாழ அதே சமயம் மேற்கு ஆஸ்திரேலியாவுல, கல்கூர்லிங்கிற தங்கச் சுரங்க ஊர்ல, டேவிட் கர்ல் ஸ்மித்னு ஒரு எலக்ட்ரிகல் எஞ்சினியர் 1905-ல ஒரு அடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அடுப்பு பெருசா விக்கல. எனக்குப் பிடிச்சது அவரோட மனைவி நோரா செஞ்ச வேலை. 1907-ல எலக்ட்ரிக் அடுப்புக்குன்னே ஒரு சமையல் புத்தகம் போட்டாங்க. அந்த வகையில முதல் புத்தகம் அதுதான்னு சொல்றாங்க. வெறும் சமையல் குறிப்பு மட்டும் இல்ல, அடுப்பை எப்படி இயக்கணும்கிறதும் அதுல இருக்கு. யோசிச்சுப் பாருங்க, விறகடுப்புக்கு யாராவது மேனுவல் போட்டாங்களா? தீயைப் பார்த்தாலே தெரியும். கூட்டணுமா, குறைக்கணுமா, அணைஞ்சுடுச்சா, எல்லாத்துக்கும் கண்ணும் காதும் போதும். கண்ணுக்குத் தெரியாத சூட்டுக்குத்தான் புத்தகம் தேவைப்படுது.

என் கேள்விக்கு பதில் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன். கேஸ் அடுப்பு 'உஸ்ஸ்'னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், நீலமா ஆடும். நாம வேற வேலையில இருந்தாலும் ஓரக்கண்ணுல அது தெரியும். காயில் ஊமை. வாணலியை வச்சுட்டா செவப்பும் மறைஞ்சுடும். போன் பேசுறவனைக் கூப்பிட அதுகிட்ட ஒண்ணுமே இல்ல. அமெரிக்காவோட தேசிய தீ பாதுகாப்பு சங்கம் 2020-ல போட்ட கணக்கு இது: அங்க கரண்டுல சமைக்கிற வீடுங்க 100-க்கு சுமார் 60. ஆனா அடுப்புல ஆரம்பிச்சுப் பதிவான தீ விபத்துகள்ல 100-க்கு 80 எலக்ட்ரிக் அடுப்பு. தீயே இல்லாத அடுப்புதான் அதிகமா தீ வைக்குது!

மறுபடி வரலாறுக்கு வர்றேன். திறந்த கம்பியில ஷாக் அடிக்குதே, அதுக்கு வழி 1920-கள்ல வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 'கால்ராட்'ங்கிற பேர்ல வித்தது. நிக்ரோம் கம்பியை ஒரு உலோகக் குழாய்க்குள்ள விட்டு, சுத்தியும் மக்னீசியம் ஆக்ஸைடு பொடியைத் திணிச்சு இறுக்கிடுவாங்க. அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. இப்படி ஒரு பொருள் கிடைச்சதை வரம்னுதான் சொல்லணும். இன்னிக்கு நம்ம அபார்ட்மெண்ட் அடுப்புல இருக்குற கறுப்பு வளையம் அதேதான். ஆனா ஷாக் போனதோட இன்னொண்ணு வந்து சேர்ந்தது. குழாய், பொடி எல்லாம் சேர்ந்து கனம். குமிழை ஆஃப் பண்ணினாலும் சூடு இறங்க நேரம் ஆகும். செவப்பு போய்க் கறுப்பானதும் ஆறிடுச்சுன்னு நினைச்சு தோசைமாவு டப்பா மூடியை நான் அது மேல வச்சிருக்கேன். மூடி இப்போ வளையம் வளையமா மாடர்ன் ஆர்ட் ஆயிடுச்சு.

காயில் வச்சிருக்குறவங்களுக்கு இந்த இடத்துலயே சொல்லிடுறேன். அது பிளக் மாதிரி சொருகித்தான் இருக்கும். நல்லா ஆறினப்புறம், எதிர்ப் பக்கம் லேசா தூக்கி இழுத்தா வரும். அதைத் தண்ணியில முக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சா போதும். மேல சிந்தினது அடுத்த தடவை தானா எரிஞ்சு போயிடும். கழுவ வேண்டியது கீழ இருக்குற கிண்ணித் தட்டை. நம்ம தாளிப்பு எண்ணெய் பூரா அங்கதான் தேங்கி நிக்கும், ஒரு நாள் பத்திக்கும். அதுல அலுமினியத் தாள் விரிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, வேணாம். தாள் காயில் முனையில பட்டா ஷார்ட் ஆகும்.

அடுத்து கண்ணாடி அடுப்பு. இது ஒரு விபத்துல பிறந்தது. 1953-ல கார்னிங் கம்பெனியில டொனால்ட் ஸ்டூக்கிங்கிற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில சூடு பண்ண உலைக்குள்ள வச்சார். உலைல ஏதோ கோளாறு, 900 டிகிரிக்குப் போயிடுச்சு. உருகிப் போயிருக்கும்னு திறந்தா, வெள்ளையா, கெட்டியா அப்படியே இருக்கு. இடுக்கியில எடுக்கும்போது கை தவறிக் கீழ விழுந்தும் உடையல. கிளாஸ்-செராமிக் பிறந்த கதை இது. சூட்டுல ஏறக்குறைய விரியவே விரியாத கண்ணாடி இந்தக் குடும்பத்துல இருந்துதான் வந்தது, 1960-கள்ல அடுப்பு மேல ஏறிச்சு. பார்க்க மேஜை மாதிரியே இருக்கும். அதுதான் ஆபத்தும். ஓரத்துல இருக்குற 'சூடா இருக்கு'ங்கிற சின்ன செவப்பு விளக்கு, காணாமப் போன தீக்கு பதிலா வச்சது. அது அணையுற வரைக்கும் கை வைக்காதீங்க. நம்மூர் இரும்பு தோசைக்கல்லை அது மேல இழுக்காதீங்க, கீறும். குலாப்ஜாமூன் பாகு பொங்கி வழிஞ்சா மட்டும் ஆற விடாதீங்க. அடுப்பை அணைச்சுட்டு, சூடு இருக்கும்போதே பிளேடு சுரண்டியால ஜாக்கிரதையா எடுத்துடணும். ஆறினா பாகு கண்ணாடியைப் பிய்ச்சுக்கிட்டு வரும்.

என்னை மாதிரி ஆளுங்களுக்காகவே கடைசியா ஒரு விதி வந்தது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் அமெரிக்காவுல தயாராகுற காயில் ரேஞ்சுல, எண்ணெய் வச்சு 'ஹை'ல 30 நிமிஷம் விட்டாலும் அது பத்திக்கக் கூடாதுன்னு யு.எல். தரக்கட்டுப்பாட்டுல சோதனை இருக்கு. அதுக்காக நிறைய காயில்ல நடுவுல ஒரு பொத்தான் மாதிரி வச்சிருப்பாங்க. பாத்திரத்தோட அடி ரொம்பச் சூடானா கரண்டை நிறுத்திடும். தோசை முறுகலா வரலன்னு இதைத் திட்டுறவங்க உண்டு. நானும் திட்டியிருக்கேன், போன மாசம் வரைக்கும். என் அடுப்பு அதுக்கெல்லாம் ரொம்பப் பழசு.

இத்தனையும் படிச்சப்புறம் அடுப்போட முதுகுப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கத் தோணுச்சு. அங்க ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு, அடுப்பு முன்னாடி கவிழாம பின்காலைப் பிடிச்சுக்குற ஒரு இரும்புக் கொக்கி. ஓவன் கதவைத் திறந்து அது மேல குழந்தை ஏறினா மொத்த அடுப்பும் சாயும், மேல கொதிக்கிற பானை குழந்தை மேல வரும். அப்படிச் செத்தவங்க இருக்காங்க. 1991-ல இருந்து புது ரேஞ்சோட இந்தக் கொக்கி வரணும்.

இன்னொண்ணு பிளக். இங்க ரேஞ்சுக்கு 240 வோல்ட். 120 வோல்ட் கம்பி ரெண்டு, ஒரு நியூட்ரல், ஒரு எர்த், ஆக நாலு. ஆனா ரெண்டாம் உலகப் போர்ல உலோகத் தட்டுப்பாடு வந்தப்போ, எர்த் கம்பியை விட்டுட்டு அடுப்போட உடம்பை நியூட்ரல்லயே கட்டிக்கலாம்னு வயரிங் விதியில சலுகை கொடுத்தாங்க. போர் 1945-ல முடிஞ்சது. சலுகை முடிஞ்சது 1996-ல! அதுவும் புது வயரிங்குக்கு மட்டும், பழசு அப்படியே இருக்கலாம். இதுல என்ன பிரச்னைன்னா, நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போனா, கடிகாரம், ஓவன் பல்ப் வழியா வர்ற கரண்ட் திரும்பப் போக வழியில்லாம அடுப்போட உடம்புல 120 வோல்ட்டா நிக்கும். ஒரு கை அடுப்புல, ஒரு கை சிங்க் குழாய்ல வச்சோம்னா முடிஞ்சது கதை. நம்மூர்ல மூணு பின்னுன்னா பெருசு எர்த்துன்னு பழகியிருக்கோம். இங்க ரேஞ்சுல மூணு முள்ளுன்னா எர்த்தே தனியா இல்லைன்னு அர்த்தம்.

நானும் ரூம்மேட்டும் கீழ் டிராயரை உருவிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். சுவத்துல கொக்கிக்கான ரெண்டு ஓட்டை இருக்கு, கொக்கி இல்ல. பிளக்ல மூணு முள். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் கழிச்சு பராமரிப்பு ஆள் வந்து கொக்கியை மாட்டினார். வயரிங்கை எலக்ட்ரீஷியன்தான் தொடணும்னார், அது சரிதான். அவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் சமையல் ரூம்மேட், பாத்திரம் நான். அப்பளம் மைக்ரோவேவ்ல.

இங்க இருக்குற மக்கள் உங்க அடுப்புக்குப் பின்னாடியும் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, மூணு முள்ளா நாலு முள்ளான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: வாணலியைத் தேய்ச்சுத் தேய்ச்சு கை வலிக்குது. கறை போக ஐடியா இருந்தா அதையும் சொல்லிட்டுப் போங்க.