மணலும் நோட்டும்: மாணவர் வழிகாட்டலில் பதிவேடு யார் கையில்?

1. துணிபு

மூத்த மாணவர் இளையவருக்குத் துணைநிற்கும் ஏற்பாட்டைப் பள்ளிகள் ஆசையோடு தொடங்குகின்றன. ஆர்வம் வற்றுவதைவிடத் தொடர்ச்சி அறுவதே அதைப் பெரிதும் முடக்குகிறது. யார் யாரோடு அமர்ந்தார், எதுவரை முடிந்தது, எங்கே பிள்ளை தடுமாறியது என்பது அடுத்து வருபவருக்குத் தெரிவதில்லை. எழுதிவைக்க வேண்டும் என்பதை எவரும் மறுக்க மாட்டார். யார் எழுதுவது, யார் வைத்திருப்பது என்பதே கேள்வி. கற்பவரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. விரூபாட்ச குகை, 1902

இதற்கான சான்று திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு மேலேயே, மலையில் இருக்கிறது. வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் விரூபாட்ச குகையில் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. சைகையாலும் எழுத்தாலும் விடை தந்தார். மணலில் எழுதியது அன்றே அழிந்திருக்கும். கேட்டவர் குறித்துவைத்ததால்தான் 1923இல் ‘நான் யார்?’ அச்சேறியது. குருவிடம் பதிவேடு இருக்கவில்லை. அது சீடரிடம் இருந்தது.

3. சட்டாம்பிள்ளையும் எழும்பூரும்

நம் திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்து நின்றவன் சட்டாம்பிள்ளை. அவன் வாய்பாடு சொல்ல, மற்றவர் பின்தொடர்ந்து சொல்வார்கள். மணலில் விரல் பழகிய பிள்ளை பிறகு ஓலைக்கு வரும். தன் சுவடியைத் தானே எழுதிக்கொள்ளும். எவ்வளவு கற்றான் என்பதற்கு அந்தச் சுவடியே கணக்கு.

1789இல் எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், அது நடந்தது! பிறகு வகுப்புகளுக்கு மாணவ ஆசிரியர், உதவி ஆசிரியர், இணை இணையாகச் சேர்த்த பிள்ளைகள், அன்றாடப் பாடக் கணக்கு என்று முறை விரிந்தது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ எனப் பரவியது. ஆனால் பரவிய இடங்களில் மலிவும் மனப்பாடமும் மேலோங்கின. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானவரை மேய்க்கும் கருவியாகப் பதிவேடு மாறியதை நான் அந்த முறையின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். கணக்கு மேலே போனது. பிள்ளைக்குத் திரும்பி வரவில்லை.

4. இல்லம் தேடிக் கல்வி

பதிவேடு இருக்கட்டும், இப்படித் துணைநின்று கற்பிப்பது பலன் தருமா என்ற கேள்விக்கு அண்மைச் சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் ஏறக்குறைய 18 மாதம் மூடியிருந்தன. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அது அமைந்திருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. பக்கத்துத் தெரு அக்கா சொல்லிக்கொடுத்தால் பிள்ளை படிக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

5. செங்கம் சாலையில் செயல்முறை

செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமப் பகுதிப் பள்ளியில் மாணவர் வழிகாட்டலை நடத்துவோர் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். கார்த்திகைத் தீபத்தின் பத்து நாளும் அப்படியே. கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அன்று வராது. வராததைக் குறையாக எழுதாமல், அந்நாட்களை முன்பே விட்டுவிட்டு முறை போடலாம்.

பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் இளையவரே மூன்று வரி எழுதட்டும்: இன்று என்ன செய்தோம், எது புரியவில்லை, அடுத்து எப்போது. அண்ணனோ அக்காவோ கையெழுத்து மட்டும் போடட்டும். பொறுப்பாசிரியர் வாரம் ஒருமுறை இரண்டாம் வரியை மட்டும் படித்தாலே எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வீட்டுச் சங்கடங்களை அதில் எழுதச் சொல்லக் கூடாது. அவை ஆசிரியரிடம் நேரில் பேச வேண்டியவை.

பொதுத்தேர்வு நெருங்கியதும் பிளஸ் டூ அண்ணன்மார் விலகிவிடுவார்கள். அப்போது பதினொன்றாம் வகுப்பு அக்கா ஒருத்தி வந்து அமர்வாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் நோட்டைத் திறந்து, கடைசியாகப் புரியாமல் நின்ற வரியை அவளிடம் காட்டும்.