கார் ஓட்டாதவரின் கழுத்து: ஒரு வினாநிரல் மொழி கடந்த வரலாறு

கழுத்து இயலாமைக் குறியீட்டை 1991-இல் சில்வானோ மியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஹோவர்ட் வெர்னனே 2008-இல் அதன் வரலாற்றையும் எழுதினார். ஏறத்தாழ 300 வெளியீடுகள், 22 மொழிகள். தம் இயலாமையை நோயாளரே மதிப்பிடும் கழுத்து வலிக் கருவிகளில் மிகப் பரவலானதும் மிக வலுவாகச் சரிபார்க்கப்பட்டதும் இதுவே என்பது அவர் முடிவு. முற்பாதியில் ஐயமில்லை, பிற்பாதியை ஏற்க இயலவில்லை. மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கை பரவலுக்குச் சான்று, ஏற்புடைமைக்கு அன்று. உயர்ந்த ஆல்ஃபா மதிப்பும் கேள்விகள் ஒன்றோடொன்று இணங்குவதை மட்டுமே காட்டும். அவை நோயாளரின் அன்றாடத்தைத் தொடுகின்றனவா என்பது வேறு வினா.

அந்த வினாவுக்குக் கார் ஓட்டுதல் பற்றிய கேள்வியே உரைகல். குறியீட்டின் மூலமான 1980-இன் ஆஸ்வெஸ்ட்ரி முதுகுவலி வினாநிரல், பயணத்தைப் பொதுவாகக் கேட்டது. பேருந்தில் செல்பவரும் அதற்கு விடை தரலாம். கனடாவில் உருவான கழுத்து வடிவமோ காரை ஓட்டுவதைக் கேட்டது. 1991 ஆய்வில் மறுசோதனைக்கு வந்த 17 பேரும், ஆல்ஃபா கணக்கிடப்பட்ட 52 பேரும் விப்லாஷ் காயமுற்றவர்கள். வாகன மோதலில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டவரிடம் இக்கேள்வி பொருத்தமே. பொருத்தம் அந்தக் குழுவுக்கு உரியது. கேள்வி மட்டும் பல நாடுகளுக்கும் போயிற்று.

குறியீட்டில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 5 மதிப்பெண். கார் ஓட்டாதவர் கார் கேள்வியை விட்டுவிடுகிறார். மதிப்பெண்ணை 50-க்குப் பதில் 45-க்குக் கணக்கிடுவது வழக்கம். இதைச் சிறு திருத்தமென்று கடந்துவிடுகிறோம். ஒன்பது கேள்விகளில் 18 பெற்றவருக்கு 40 விழுக்காடு வரும். அவர் கார் ஓட்டுபவராக இருந்து, அதில் இடர் இல்லையென்றால் 36. சிறிதும் ஓட்ட முடியாதென்றால் 46. 36-க்கும் 46-க்கும் உள்ள இடைவெளி 50-இல் 5 மதிப்பெண். சிக்கலற்ற கழுத்து வலியில் கண்டறியத்தக்க மிகச்சிறு மாற்றமென மக்டெர்மிட் குழு 2009-இல் தொகுத்துத் தந்த எல்லையும் ஏறத்தாழ 5 தான். விடுபட்ட ஒரு கேள்வியே அந்த எல்லையை எட்டக்கூடும்.

விடுபட்ட கேள்வி மற்ற ஒன்பதின் சராசரியாக இருக்கும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. பத்தும் ஒரே பண்பை அளந்தால் அது ஓரளவு பொறுக்கத்தக்கது. 1998-இல் ஹெயின்ஸ் குழு ஒற்றைக் காரணியையே கண்டது. ஆனால் 2009-இல் வான் டெர் வெல்டே குழு, கேள்விகள் ஒரே பண்பை அளக்கின்றனவா எனச் சோதிக்கும் ராஷ் பகுப்பாய்வில், பத்தையும் ஏற்காமல் எட்டுக் கேள்வி வடிவத்தை முன்வைத்தது. இதைக் கொண்டு ஓட்டாதவரின் மதிப்பெண் எப்போதும் குறைகிறது என்று நான் வாதிடவில்லை; பிழையின் திசை ஊருக்கு ஊர் மாறலாம். ஆயினும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டிய செயல் என்பதால், ஓட்டுதல் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கடினமான கேள்வியாகவே இருக்குமென்று கருதுகிறேன். அப்படியானால் ஓட்டாதவரின் இயலாமை குறைத்தே பதிவாகிறது. இது ஊகமே, ஆயினும் சோதிக்கத்தக்க ஊகம்.

கழுத்து வினாநிரல்களின் மொழிபெயர்ப்புகளை 2011-இல் மதிப்பிட்ட ஸ்கெல்லிங்கர்ஹவுட் குழுவும் மொழிபெயர்ப்பு முறையிலும் பண்பாட்டுச் சரிபார்ப்பிலும் குறைகளையே கண்டது. தமிழில் இக்கருவியைச் சரிபார்ப்போர் ஆல்ஃபாவோடு நிற்க வேண்டாம். எத்தனை பேர் கார் கேள்வியை விட்டார்கள், அவர்கள் எதில் பயணிப்பவர்கள் என்பதைத் தனி அட்டவணையாக வெளியிட வேண்டும்.