துருக்கித் தொப்பியும் அதன் அச்சும்

புத்தளத்தில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் சென்றிருந்தேன். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர். என் வயதினர். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து சென்று, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில் கம்பளித் துணி போன்ற ஏதோவொன்று மடிந்து கிடந்தது. குஞ்சத்தைக் கண்ட பின்னரே அது ஒரு துருக்கித் தொப்பி என்பது எனக்கு விளங்கியது.

"வாப்பாவின்ர வாப்பா போட்டது. பனங்கட்டிக் குட்டானைக் காலால மிதிச்ச மாதிரிச் சப்பளிஞ்சு போய்க் கிடக்குது, பாருங்கோ" என்றார்.

அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்தில் தையற்கடை வைத்திருந்தவர். வெளியே செல்லும்போது தொப்பியின்றிச் சென்றதில்லை. வீடு திரும்பியதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுமில்லை. வேப்பமரத்தில் கடைந்தெடுத்த கட்டையொன்று அவரிடம் இருந்தது. அடி அகன்று, மேலே செல்லச் செல்லச் சற்றே ஒடுங்கி, தலைப்பகுதி தட்டையாக இருக்கும். தொப்பியை அதன்மேல் கவிழ்த்து வைப்பார். மழையில் நனைந்த நாட்களில் ஈரத்துணியைப் போர்த்தி, கரி ஸ்திரிக்கைப்பெட்டியால் இலேசாக ஒற்றி எடுப்பார். மறுநாள் காலையில் தொப்பி புதிது போல் நிமிர்ந்து நிற்குமாம். வீட்டில் அதற்குத் 'தொப்பிக் கட்டை' என்றே பெயர்.

அந்தக் கட்டை இப்போது இல்லை. அது எங்கே போயிற்று என்பதைப் பின்னர் கூறுகிறேன். தொப்பியின் வடிவத்தைக் காக்கும் இந்தச் சிறு கருவியின் வரலாறு ஒரு பேரரசின் தலைநகரிலிருந்து நமது நாட்டின் உயர்நீதிமன்றம் வரை நீண்டு கிடப்பது. அதை முதலிற் பார்ப்போம்.

துருக்கித் தொப்பி கம்பளியால் ஆனது. கம்பளியைப் பின்னி, வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் இட்டு அடித்து, சுருங்கி இறுகச் செய்து சாயமேற்றுவர். இந்த நிலையில் அது வெறும் பை. அதற்குத் தொப்பியின் வடிவத்தைக் கொடுப்பது அச்சுத்தான். கம்பளி இழை நமது தலைமயிரைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஈரமும் வெப்பமும் ஒருங்கே சேரும்போது அது இளகும். அந்நிலையில் எந்த வடிவத்தில் இருத்தப்படுகிறதோ அந்த வடிவத்திலேயே உலர்ந்து இறுகும். மீண்டும் நனைந்தால் அந்த இறுக்கம் தளரும். எனவே துருக்கித் தொப்பியை ஒருமுறை வார்த்துவிட்டால் போதாது. அணிபவர் மீண்டும் மீண்டும் அச்சிடம் போகத்தான் வேண்டும்.

2007ஆம் ஆண்டு கெய்ரோ சென்றிருந்தபோது, கூரி பள்ளிவாசலை அண்டிய கடைத்தெருவில் இந்த வேலையை நேரிற் காணும் வாய்ப்புக் கிடைத்தது. கடையின் முன்புறத்தில் பித்தளை அச்சுகள் அளவு வாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் இரு பகுதிகளைக் கொண்டது. உள்ளே புடைத்து நிற்கும் ஒரு பாகம்; அதன்மேல் கவிழும், கைப்பிடி கொண்ட ஒரு மூடி. உட்பாகத்தை அடுப்பின் மேலிருத்திச் சூடேற்றி, நீர் தெளித்த தொப்பியை அதில் மாட்டி, மூடியை வைத்து அழுத்தித் திருகினார் கடைக்காரர். நீராவி சீறிக்கொண்டு எழுந்தது. சில நிமிடங்களில் மூடியைத் தூக்கியபோது, கசங்கிக் கிடந்த கம்பளி ஒரு கனவானின் தொப்பியாகியிருந்தது. பின்னர் வைக்கோற் பின்னலை உள்ளே செருகினார். தொப்பியை உள்ளிருந்து தாங்குவதும், தலைக்குக் காற்றோட்டம் அளிப்பதும் அந்தப் பின்னலே.

அந்த அச்சுக்கு அரபியில் 'காலிப்' என்று பெயர். துருக்கியரும் அதே சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்குகின்றனர். இச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்றும், அங்கு அது செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் மரப் பாதத்தைக் குறித்தது என்றும் சொல்லாய்வாளர் கருதுவர். காலுக்குரிய சொல் தலைக்கு ஏறிய கதை இது. காலணியா, தொப்பியா என்ற கேள்வி நமது நாட்டிலே ஒரு போராட்டமாக வெடித்ததை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்வரலாறு வியப்பளிக்கும்.

ஒட்டோமான் பேரரசில் தலையணி என்பது அணிபவரின் மதத்தையும் பதவியையும் அறிவிக்கும் அடையாளமாக இருந்தது. தலைப்பாகையின் அளவையும் மடிப்பையும் கொண்டே ஒருவரை இன்னாரெனக் கூறிவிடலாம். கல்லறைகளின் தலைமாட்டிலும் அதே தலைப்பாகையைக் கல்லிற் செதுக்கி வைப்பார்கள். 1826இல் ஜானிசரிப் படையைக் கலைத்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத், பழைய அடையாளங்களையும் களைந்தெறிய விரும்பினார். 1829ஆம் ஆண்டு ஆணையின்படி அரச ஊழியர்கள் சிவப்புத் தொப்பிக்கு மாறினார்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே தொப்பியை அணியலாயினர். அதற்கு விளிம்பு இல்லாததால் தொழுகையில் நெற்றி நிலத்திற் படுவதற்குத் தடையும் இருக்கவில்லை. மத அறிஞர்களுக்கு மட்டும் தலைப்பாகை விடப்பட்டது. காலப்போக்கில் கல்லறைகளிலும் தொப்பி செதுக்கப்பட்டது. ஒருபோதும் வடிவம் குலையாத தொப்பி அது ஒன்றுதான்.

அதன்பின் வந்த ஒவ்வொரு சுல்தானின் காலத்திலும் தொப்பியின் வடிவம் மாறியது. அகன்ற தலையும் பெரிய குஞ்சமும் கொண்டது மஹ்மூதியே, குட்டையானது அஸீஸியே, உயர்ந்து மேலே ஒடுங்குவது ஹமீதியே. வடிவம் மாறியபோதெல்லாம் அச்சும் மாறியது. இஸ்தான்புல் தெருக்களில் தொப்பியை அச்சிலிட்டுக் கொடுப்பதற்கென்றே கடைகள் இருந்தன. அலுவலகம் செல்பவர் வழியில் நின்று, தொப்பியை நிமிர்த்திக்கொண்டு போவார்.

இதிலே ஒரு முரண் உண்டு. பேரரசின் அடையாளமாக விளங்கிய அத்தொப்பியின் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஸ்திரியாவிலிருந்தே வந்தது. பொஹீமியாவின் ஸ்ட்ரகோனிட்சே நகரம் அதற்குப் பெயர் பெற்றது. 1908 ஒக்டோபரில் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது ஒட்டோமான் மக்கள் வெகுண்டெழுந்து ஒஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரித்தார்கள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தெருவிலே கிழித்தெறிந்தார்கள்.

எகிப்திலும் இவ்வாறே. 1931இல் மாணவர்கள் ஆளுக்கொரு பியாஸ்தர் வீதம் மக்களிடம் சேர்த்து, உள்நாட்டிலேயே தொப்பித் தொழிற்சாலை அமைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நம் தலையில் இருப்பதை நாமே வார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய வேட்கை.

இந்தத் தொப்பி இலங்கைக்குப் பரவியதில் எகிப்தியர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பிரித்தானியருக்கு எதிராகப் படை நடத்தித் தோற்ற அஹ்மத் அராபி பாஷா, தம் தோழர்கள் அறுவருடன் 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டார். முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாக 1901 வரை இங்கே வாழ்ந்தார். அதற்குச் சற்று முன்னர்தான், 1882 டிசெம்பரில், எம். சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலின் களம் எகிப்து. இருவரும் முஸ்லிம்களின் நவீன கல்விக்காக உழைத்தனர். 1892இல் மருதானையில் தோன்றிய பாடசாலையே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஆங்கிலம் கற்ற புதிய தலைமுறையின் தலையில் துருக்கித் தொப்பி ஏறியதும் இக்காலத்திலேதான். தமிழிலே அச்சு என்ற ஒரே சொல் வார்க்கும் கருவியையும் குறிக்கும், பத்திரிகை அடிக்கும் பொறியையும் குறிக்கும். அந்தத் தலைமுறை இரண்டு அச்சுகளாலும் உருவானது என்பேன்.

1905 மே மாதம் 2ஆம் திகதி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும், இலங்கையின் முதல் முஸ்லிம் அப்புக்காத்துமான எம். சி. அப்துல் காதர், காலில் சப்பாத்தும் தலையில் துருக்கித் தொப்பியுமாக உயர்நீதிமன்றத்துக்குச் சென்றார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் பீற்றர் லயார்ட் அதனை ஏற்கவில்லை. ஐரோப்பிய முறைப்படி தலையைத் திறந்து நிற்க வேண்டும். அல்லது கீழைத்தேய முறைப்படி காலணியைக் கழற்ற வேண்டும். இரண்டில் ஒன்றைக் களைந்தாலே வாதாடலாம் என்றார். அப்துல் காதர் இரண்டையும் களையாமல் மன்றைவிட்டு வெளியேறினார்.

சிறிய செயல்தான். ஆனால் அது நாடெங்குமுள்ள முஸ்லிம்களைத் திரட்டியது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் தலைமையில் துருக்கித் தொப்பிக்காக ஒரு குழு அமைக்கப்பட்டது. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. 1905 டிசெம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் திடலில் கூடிய மாபெரும் கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் உரையாற்றினார். இறுதியில் ஆட்சியாளர் இறங்கிவந்தனர். முஸ்லிம் சட்டத்தரணிகள் தொப்பி அணிந்தபடியே நீதிமன்றில் தோன்றும் உரிமையைப் பெற்றார்கள்.

இங்கே தொப்பிக்காகப் போராடி வென்று இருபது ஆண்டுகள் ஆனபோது, தொப்பியின் தாயகத்திலேயே அது குற்றமாகியது. 1925 நவம்பர் 25ஆம் திகதி துருக்கிக் குடியரசு நிறைவேற்றிய தொப்பிச் சட்டம் ஐரோப்பியத் தொப்பியை விதித்து, பழைய தொப்பியை விலக்கியது. எதிர்த்தவர்கள் சிறை சென்றார்கள், சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். சட்டத்துக்கு முன்னரே எழுதி வெளியிட்ட ஒரு சிறுநூலுக்காக இஸ்கிலிப்லி ஆதிஃப் ஹோஜா 1926 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். தொப்பியை அணிய வேண்டும் என்று ஒரு சுல்தான் கட்டளையிட்டு நூறாண்டுகள்கூட நிறைவுறவில்லை. சுல்தான், நீதியரசர், குடியரசு என மூவரும் பிறர் தலையின் அச்சைத் தம் கையில் வைத்திருக்கவே விரும்பினார்கள். வேலையிழந்த பித்தளை அச்சுகள் பழம்பொருட் கடைகளைச் சென்றடைந்தன. எகிப்திலும் 1952ஆம் ஆண்டுப் புரட்சி பாஷா, பே பட்டங்களை ஒழித்ததோடு தொப்பியும் மறையத் தொடங்கியது. நான் கண்ட கெய்ரோக் கடைக்காரருக்குச் சோறு போட்டவர்கள், சிவப்புத் தொப்பியின் மேல் வெண்துணி சுற்றும் அல் அஸ்ஹர் மாணவர்கள்தான்.

இனி நண்பரின் பாட்டனாருடைய கட்டைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவின்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைத் திறந்தபடியே விட்டுச் சென்றார்கள். கையிற் கொண்டுபோன நகையும் பணமும்கூட வழியிற் பறிக்கப்பட்டன. தமிழன் என்ற முறையிலும் பத்திரிகையாளன் என்ற முறையிலும், அந்த நாளைப் பற்றி நாம் அன்று எழுதாமல் விட்டவற்றை எண்ணி இன்றும் நான் வெட்கப்படுகிறேன்.

நண்பருக்கு அப்போது இருபது வயது. அவருடைய உம்மா தொப்பியை மடித்து உடுப்புப் பைக்குள்ளே திணித்தாராம். சோதித்தவர்கள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, விலைபோகாத சாமான் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். "கட்டையையும் எடுப்பம் எண்டுதான் உம்மா சொன்னவ. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு எங்க நடக்கிறது? அலுமாரிக்கு மேல வச்சிட்டு வந்திட்டம்" என்றார். போர் முடிந்தபின் அவர் ஊருக்குச் சென்று பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன.

கெய்ரோக் கடையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பத்து நிமிட வேலைதான் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"தொப்பி நிமிர்ந்திடும். ஆனா அது கடைக்காரன்ர அச்சு. இவர்ர தலை அளவு அந்தக் கட்டையிலதானே இருந்தது."

நான் தொப்பியை வாங்கி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். கம்பளி முழுவதும் உருக்குலைந்திருந்தாலும், அடியில் வைத்துத் தைத்திருந்த தோற்பட்டி மட்டும் தளராமல் இருந்தது. பல்லாண்டு வியர்வையில் கறுத்த பட்டி. நண்பரின் மகள் தையற் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்து வந்தாள். அளந்து பார்த்தோம். சரியாக இருபத்திரண்டு அங்குலம்.

சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். புத்தளத்திலே மரம் கடையும் ஒருவரிடம் அந்த அளவைக் கொடுத்திருந்தாராம். கட்டை வந்துவிட்டது என்றும், வேப்பமரம்தான் என்றும் சொன்னார். தொப்பியை நனைத்து அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்களாம்.