வில்ஹெல்ம் நுசெல்ட்

வில்ஹெல்ம் நுசெல்ட் (1882–1957): வெப்பப் பரிமாற்றத்துக்குக் கணித அடித்தளம் இட்ட ஜெர்மானிய இயந்திரப் பொறியியல் பேராசிரியர். நியூரம்பெர்க்கில் பிறந்து, பெர்லினிலும் மியூனிக்கிலும் பயின்று, 1904இல் பட்டம் பெற்றார்.

காப்புப் பொருள்களின் வெப்பக் கடத்துதிறன் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1907இல் முடித்தார். தட்டையான மாதிரியில் விளிம்பு வழியே வெப்பம் கசிந்து கணக்கு பிசகும். எனவே ஒன்றுக்குள் ஒன்றாக இரு கோளங்களை வைத்து, இடையில் பொருளை நிரப்பி, உட்புறம் மின்சாரத்தால் சூடேற்றினார். கோளத்துக்கு விளிம்பு இல்லை. செலுத்திய ஆற்றல் முழுவதும் பொருளைக் கடந்தே வெளியேற வேண்டும். இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு நேர்மையான அளவீடு கிடைத்தது வியப்புக்குரியது.

பின்னர் டிரெஸ்டனில் பேராசிரியர் மோலியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, குழாய்களில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தார். அக்காலத்தில் ஒரு குழாயில் கண்ட சூத்திரம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 1915இல் சுகாதாரப் பொறியியல் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் இதற்கு விடை கண்டார். சமன்பாடுகளைத் தீர்க்காமலே, அவற்றிலுள்ள அளவுகளைப் பரிமாணமற்ற சில எண்களாகத் தொகுத்தார். வடிவமும் இவ்வெண்களும் ஒத்திருந்தால், சிறு குழாயில் எடுத்த அளவீடு பெருங்குழாய்க்கும் செல்லும். பாய்மம் மாறினாலும் செல்லும். துறையின் போக்கையே மாற்றிய கட்டுரை இதுதான். அசையாத பாய்மம் வெறுமனே கடத்தும் வெப்பத்தைப்போல், ஓடும் பாய்மம் எத்தனை மடங்கு கடத்துகிறது என்று காட்டும் எண் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

1916இல் நீராவி ஒடுக்கத்தை விளக்கினார். குளிர்ந்த செங்குத்துப் பரப்பில் நீராவி படிந்து மெல்லிய நீர்ப்படலமாக வழியும். அந்தப் படலமே வெப்பத்துக்குத் தடை. மேலே மெலிந்திருக்கும் படலம் கீழே போகப்போகத் தடிக்கும். ஆனால் தொலைவு 16 மடங்கானால் தடிமன் 2 மடங்கே ஆகும். படலத்தில் எழும் சிற்றலைகளை இக்கோட்பாடு கணக்கில் எடுக்காததால், சோதனையில் வெப்பப் பரிமாற்றத்தின் மதிப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாக வருவதுண்டு. அந்தத் திருத்தத்தோடு ஒடுக்கி வடிவமைப்போர் இன்றும் இதைக் கையாள்கின்றனர்.

1920 முதல் 1925 வரை கார்ல்ஸ்ரூவிலும், பிறகு 1952 வரை மியூனிக்கிலும் பேராசிரியராக இருந்தார். நிலக்கரித் தூள் எரிதல், வெப்ப மீட்புக் கலன்கள், ஆவியாதலில் வெப்பமும் பொருளும் ஒத்த விதிப்படி இடம்பெயர்தல் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். மியூனிக்கில் அவர் இடத்துக்கு வந்த எர்ன்ஸ்ட் ஷ்மிட்டின் பெயர், பொருள் இடம்பெயர்வைக் கணக்கிடும் எண்ணுக்கு வழங்குகிறது.